ஒட்டகத்தின் முதுகும் பால் வண்டியின் அச்சும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் ஃபஜ்ரு பாங்கு ஒலிக்கும் நேரத்துக்கு முன்பே பால் வந்து இறங்கிவிடும். தேநீர்க் கடைகளும் உணவகங்களும் தங்கும் விடுதிகளும் நிறைந்த ஊர் அது. ஆகஸ்ட் 29ஆம் நாள் மாதா கோயிலில் கொடி ஏறியது முதல் செப்டம்பர் 8ஆம் நாள் திருவிழா நிறைவுறும் வரை, நடைப்பயணமாக வரும் பக்தர்கள் சாலையின் ஓரமெல்லாம் சென்றுகொண்டே இருப்பார்கள். அதே சாலையில் வடக்கே போனால் நாகப்பட்டினம். அதற்கும் வடக்கே நாகூர். கந்தூரிக் காலத்தில் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பும். இரண்டு ஊர்க் கூட்டத்துக்கும் பால் சுமந்து போகும் வண்டிகள் ஓடுவது பெரும்பாலும் இந்த ஒரே கடற்கரைச் சாலையில்தான்.

இந்தச் சாலையில் பால் வண்டி ஓட்டிப் பிழைக்கும் சகோதரர் ஒருவர் ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஒரு கேள்வி கேட்டார். "ஹஜ்ரத், மணலும் ஜல்லியும் ஏற்றுகிறவனை நிறுத்தி எடை பார்க்கட்டும், நியாயம். பால் பச்சைக் குழந்தை குடிக்கிற பொருள். வெயிலில் சில மணி நேரம் நின்றால் திரிந்துவிடும். அதற்கும் எடைக் கட்டுப்பாடா? கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் அது சட்டப்படி மட்டும்தான் குற்றமா, மார்க்கத்திலும் குற்றமா?"

கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து விடை தேடியபோது, பாலும் பாரமும் நம் வரலாற்றில் ஒரே குடும்பத்தில் வந்து சந்திப்பதைக் கண்டேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் இரவு நேரத்தில் நகர்வலம் சென்றபோது, ஒரு வீட்டில் தாய் தன் மகளிடம் பாலில் தண்ணீர் கலக்கும்படி சொல்வதையும், மகள் மறுப்பதையும் கேட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கலீஃபா தடை செய்திருக்கிறார் என்றாள் மகள். உமர் இப்போது நம்மைப் பார்க்கிறாரா என்றாள் தாய். உமர் பார்க்காவிட்டாலும் உமருடைய இறைவன் பார்க்கிறான் என்பது மகளின் பதில். அந்தப் பெண்ணையே உமர் (ரலி) அவர்கள் தம் மகன் ஆஸிமுக்கு மணமுடித்து வைத்தார்கள். அத்தம்பதியருக்குப் பிறந்தவர் உம்மு ஆஸிம். அவருடைய மகனே உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்). மக்தப் பிள்ளைகள் வரை அனைவருக்கும் தெரிந்த கதை இது.

அந்தப் பால்காரப் பெண்ணின் பேரர் கலீஃபாவானபின் பிறப்பித்த ஓர் ஆணையைப் பற்றி நம் மேடைகளில் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர்கள் ஆட்சி செய்தது ஹிஜ்ரி 99 முதல் 101 வரை, அதாவது கி.பி. 717 முதல் 720 வரை. இரண்டரை ஆண்டுகளுக்கும் குறைவு. அந்தக் குறுகிய காலத்தில் எகிப்தில் பொறுப்பிலிருந்த ஹய்யான் என்பவருக்கு அவர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். அவர்களுடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய இப்னு அப்துல் ஹகம் இதைப் பதிவு செய்திருக்கிறார். எகிப்தில் சுமை இழுக்கும் ஒட்டகங்கள் மீது ஆயிரம் ரத்தல் வரை ஏற்றப்படுவதாகச் செய்தி வந்திருக்கிறது. இக்கடிதம் கிடைத்தபின் ஓர் ஒட்டகத்தின் மீது அறுநூறு ரத்தலுக்கு மேல் ஏற்றப்பட்டதாக நான் அறியக்கூடாது. கடிதத்தின் கருத்து இவ்வளவுதான்.

ரத்தல் என்ற அளவு நமக்கு அந்நியமானதன்று. நம் பாட்டிமார்கள் கடையில் சாமான் வாங்கிய 'ராத்தல்' அந்த அரபுச் சொல்லின் வழி வந்ததே. இலங்கையில் இன்றும் பாணை ராத்தல் கணக்கில் சொல்வதைக் கேட்கலாம். ஊருக்கு ஊர் ரத்தலின் எடை மாறியது. ஃபிக்ஹு நூல்களில் வழங்கும் பக்தாத் ரத்தலை ஏறத்தாழ 400 கிராம் என்று கொண்டால், அறுநூறு ரத்தல் 240 கிலோ ஆகிறது. ஆயிரம் ரத்தல் 400 கிலோ. ஒரே கடிதத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு சுமையைக் குறைத்துவிட்டார்கள். வணிகர்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பாகத் தோன்றியிருக்கும்! அதுவரை மூன்று ஒட்டகங்கள் சுமந்த சரக்குக்கு இனி ஐந்து ஒட்டகங்கள் வேண்டும்.

இதில் என்னை வியக்க வைப்பது, அவர்கள் ஓர் எண்ணைக் குறிப்பிட்டதுதான். "விலங்குகளிடம் இரக்கம் காட்டுங்கள்" என்று பொதுவாக எழுதியிருந்தால், ஒவ்வோர் ஒட்டகக்காரரும் தாம் இரக்கமுள்ளவரே என்று சொல்லிக்கொண்டு வழக்கம்போல் ஏற்றியிருப்பார். அறுநூறு என்று சொல்லிவிட்டால் தராசு பேசும். கனமான கடிவாளம் பூட்டக்கூடாது, இரும்பு முனை வைத்த தார்க்கோலால் குத்தக்கூடாது என்று பாதைகளின் பொறுப்பாளருக்கு அவர்கள் அனுப்பிய வேறோர் ஆணையும் இதே வகையைச் சேர்ந்தது.

இதற்கான வேர் நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இருக்கிறது. அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் இருந்த ஒட்டகம் நபியவர்களைக் கண்டதும் கண்ணீர் வடித்ததும், அவர்கள் அதன் தலையைத் தடவிக் கொடுத்ததும், பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக இது முறையிடுகிறது என்று உரிமையாளரிடம் எடுத்துரைத்ததும் அபூதாவூத் தொகுப்பில் வருகின்றன. முதல் உமர் (ரலி) அவர்கள், சுமக்க முடியாத பாரத்தை ஒட்டகத்தின் மீது ஏற்றிய ஒருவரை அடித்துக் கண்டித்ததை இப்னு ஸஅத் எழுதுகிறார். முதல் உமர் கண்டதும் தண்டித்ததை இரண்டாம் உமர் தொலைவிலிருந்தே செயல்படும் சட்டமாக்கினார் என்று சொல்லலாம்.

பின்வந்த சட்ட அறிஞர்கள் இதை வாடகை ஒப்பந்தத்தின் பாடத்தில் நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், ஷாஃபிஈ மத்ஹபினர் மிகுந்த நம் கடற்கரை ஊர்களில் நன்கு அறிமுகமான நூல். அதில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. ஒருவர் நூறு அளவு சுமப்பதற்காக ஒரு விலங்கை வாடகைக்குப் பிடித்து, நூற்றுப் பத்து ஏற்றிவிட்டார். கூடுதல் பத்துக்கு வழக்கமான கூலியை அவர் கொடுத்தாக வேண்டும். அத்துடன் முடிந்துவிடவில்லை. அந்தச் சுமையால் விலங்கு அழிந்து, உரிமையாளர் உடன் இல்லாதிருந்தால், முழு இழப்புக்கும் ஏற்றியவரே பொறுப்பு. உரிமையாளர் உடன் இருந்தால் கூடுதல் சுமையின் பங்குக்குப் பொறுப்பு. இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள்: நூற்றுப் பத்து இருப்பதை மறைத்து உரிமையாளர் கையில் கொடுத்து, அவர் அறியாமல் ஏற்றிவிட்டால் பொறுப்பு யாருக்கு? மறைத்துக் கொடுத்தவருக்கே. உரிமையாளர் தாமே நிறுத்துப் பார்த்து ஏற்றியிருந்தால் மற்றவர் மீது பொறுப்பில்லை. ஆக, யார் நிறுத்தது, யாருக்குத் தெரியும் என்பதே இங்கு வழக்கின் உயிர்.

ஹனஃபீ மத்ஹபின் ஹிதாயாவில் இதைவிட நுட்பமான ஓர் இடம் இருக்கிறது. குறிப்பிட்ட எடைப் பஞ்சு சுமப்பதற்காகப் பிடித்த விலங்கின் மீது அதே எடை இரும்பை ஏற்றலாமா? கூடாது என்கிறார் மர்கீனானீ (ரஹ்). எடை ஒன்றுதானே என்று கேட்கத் தோன்றும். பஞ்சு முதுகெங்கும் பரவி நிற்கும். இரும்போ முதுகின் ஓரிடத்தில் குவிந்து அழுத்தும் என்பது அவர் தரும் காரணம். ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த ஃபர்கானா நாட்டு அறிஞர் ஒருவர் இதை எழுதியிருக்கிறார். இந்தப் பாடத்தை மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம் இக்கால லாரிச் சட்டம் என் நினைவுக்கு வருகிறது. மொத்த எடை வேறு, ஓர் அச்சின் மீது விழும் எடை வேறு என்று அந்தச் சட்டமும் பிரித்தே பேசுகிறது.

அச்சு என்றதும் நம் தமிழும் பேசாமல் இருக்காது. மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்ற கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். உப்பு வணிகர்களான உமணர்கள், பள்ளத்திலும் மேட்டிலும் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக வண்டியின் கீழே இன்னோர் அச்சைக் கட்டிச் சென்ற வழக்கத்தை ஔவையாரின் புறநானூற்றுப் பாடல் ஒன்று உவமையாக்குகிறது. வேதாரண்யத்து உப்பளங்களுக்கு அருகில் வாழும் நமக்கு அந்த உவமை எளிதில் விளங்கும்.

கப்பலுக்கும் இதே சட்டம்தான். அல்மாவர்தீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்தவர்கள். சந்தையையும் தெருவையும் கண்காணிக்கும் முஹ்தஸிபின் கடமைகளை விளக்கும்போது, தாங்கும் அளவுக்கு மேல் கப்பலில் ஏற்றி அது மூழ்கும் அச்சம் இருந்தால் கப்பல்காரர்களை அவர் தடுக்க வேண்டும் என்றும், காற்று கடுமையாக வீசும்போது புறப்படவும் விடக்கூடாது என்றும் அவர்கள் எழுதினார்கள். நாகப்பட்டினம், நாகூர் மரைக்காயர்கள் மரக்கலம் செலுத்திய கடலில் இந்த விதியின் பொருள் எல்லோருக்கும் புரிந்திருக்கும். இங்கிலாந்தில் சாமுவேல் பிளிம்சால் என்பவர் போராடி, கப்பலின் பக்கத்தில் சுமைக்கோடு வரையவேண்டும் என்ற சட்டம் 1876இல்தான் வந்தது. அப்போதும் கோட்டை எங்கே வரைவது என்பதைக் கப்பல் முதலாளியே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்! அந்த ஓட்டையை 1890இல்தான் அடைத்தார்கள்.

இனி நம் சாலைக்கு வருவோம். காவிரிப் படுகை களிமண் நாடு. மழையில் ஊறிப் பருக்கும், கோடையில் வெடிக்கும். ஆறுகளும் வாய்க்கால்களும் வடிகால்களும் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதால், வயலில் நீர் நிற்கும் மாதங்களில் சாலையின் அடித்தளமும் ஈரத்திலேயே கிடக்கும். சிறிது தூரம் போவதற்குள் ஒரு மதகு, ஒரு பாலம். அக்காலத்தில் இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டிகள்தாம் நெல்லையும் உப்பையும் இழுத்தன. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியபின் பெரும் பாரம் தண்டவாளத்துக்குப் போனது. பின்னர் லாரி வந்தது. பாரம் மீண்டும் மண்ணின் மேல் ஏறியது.

மாட்டு வண்டியில் அளவு மீறினால் மாடு மண்டியிடும், அச்சு முறியும். ஏற்றியவர் கண்ணெதிரே தண்டனை கிடைத்துவிடும். லாரி மண்டியிடுவதில்லை. அதன் கூடுதல் பாரத்தைச் சாலையும் பாலமும் வாங்கிக்கொள்கின்றன. விளைவு மாதங்கள் கழித்து வேறொருவர் தலையில் விடிகிறது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகள் அமைத்து, அளந்த பாரத்துடன் லாரிகளை இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் பாரம் இரு மடங்கானால் சாலையின் தேய்மானம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்ற கணக்கு அதிலிருந்தே வந்தது. இமாம் நவவீயின் எடுத்துக்காட்டை இதில் பொருத்திப் பாருங்கள். நூறுக்குப் பதில் நூற்றுப் பத்து ஏற்றினால், தேய்மானம் நூற்று நாற்பத்தாறு ஆகிறது. கூடுதலாக ஏற்றியது பத்தில் ஒரு பங்கு. சாலை கொடுக்கும் விலையோ கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

நம் நாட்டில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே எடை வரம்பு இருந்தது. இப்போது நடப்பில் உள்ளது 1988ஆம் ஆண்டின் சட்டம். அதன் 113ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் குறித்த மொத்த எடையை மீறி எந்த வண்டியையும் ஓட்டக்கூடாது என்கிறது. சந்தேகம் வந்தால் முன்னே செல்லும் வழியில் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ள எடை மேடைக்கு வண்டியைக் கொண்டு போகச் சொல்லவும், மிகுந்த சுமையை உரிமையாளரின் பொறுப்பில் இறக்கச் சொல்லவும் 114ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்புகளை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னாக இருந்த மொத்த எடை 18.5 டன் ஆயிற்று. மூன்று அச்சு லாரிக்கு 25 டன் 28.5 டன் ஆயிற்று. அடுத்த ஆண்டே தண்டமும் உயர்ந்தது. 2019இல் வந்த திருத்தத்தின்படி மிகைச் சுமைக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். சுமையை இறக்காமல் வண்டி நகரவும் கூடாது. முன்பு 2,000 ரூபாயும் டன்னுக்கு 1,000 ரூபாயும்தான்.

இவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு தீர்ப்பை நம் வணிகர்கள் அறிந்திருப்பது நல்லது. சில மாநிலங்கள் முன்கூட்டியே ஒரு கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு, மிகைச் சுமையுடன் ஓட அட்டை வழங்கி வந்தன. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பணம் கட்டுவதால் மிகைச் சுமை அனுமதிக்கப்பட்டதாகிவிடாது, சுமையை இறக்கியே ஆகவேண்டும் என்பது அதன் சாரம். கூடுதல் பத்துக்குக் கூலி கொடுத்தாலும் இழப்பின் பொறுப்பு நீங்குவதில்லை என்று மின்ஹாஜில் படித்த மாணவருக்கு இத்தீர்ப்பு புதுமையாகத் தோன்றாது. "தண்டம் கட்டிவிட்டேன், கணக்கு தீர்ந்தது" என்று சொல்லும் பழக்கம் நம்மவர்களிடமும் இருக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி பாலின் தனித்தன்மை. அதற்கென்று சில நியாயங்கள் உண்மையிலேயே இருக்கின்றன.

முதலாவது, பால் தண்ணீரைவிடச் சற்று கனமானது. ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.03 கிலோ. லிட்டரைக் கிலோவாகவே எண்ணிப் பழகியவர், பத்தாயிரம் லிட்டர் டேங்கரில் தம்மை அறியாமலே 300 கிலோ கூடுதலாகச் சுமக்கிறார். வெற்று வண்டியும் தொட்டியும் சேர்ந்து ஆறரை டன் என்று வைத்துக்கொள்வோம். நிறைந்த பால் 10.3 டன். மொத்தம் 16.8 டன். பழைய 16.2 டன் வரம்பில் பதிவான வண்டிக்கு இது 600 கிலோ மிகை, 18.5 டன்னுக்குப் பதிவான வண்டிக்கு இடம் மிச்சம். ஆகவே வரம்பு உயர்ந்துவிட்டது என்று செய்தித்தாளில் படித்தது போதாது. தம் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிறிய வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். மக்கள் குட்டி யானை என்று அழைக்கும் டாடா ஏஸ் வண்டி 2005இல் வந்தபோது ஏறத்தாழ 750 கிலோ சுமப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. நாற்பது லிட்டர் கேனில் பால் மட்டும் 41 கிலோ. கேனின் எடையும் சேர்ந்தால் பதினைந்து, பதினாறு கேன்களிலேயே கணக்கு முடிந்துவிடும். வண்டியின் பின்புறத்தில் அதற்குமேலும் இடம் கிடக்கும். அந்த வெற்றிடம்தான் ஆசை காட்டுகிறது.

இரண்டாவது, டேங்கரைக் குறைத்து நிரப்புவதிலும் ஆபத்து உண்டு. அரைகுறையாக நிறைந்த தொட்டியில் பால் அலைமோதும். வளைவில் ஒரு பக்கம் சாயும். பிரேக் போட்டால் முன்னே பாய்ந்து வண்டியைத் தள்ளும். எண்ணெய் டேங்கர்களில் இதைத் தடுக்க உள்ளே குறுக்குத் தடுப்புகள் வைப்பார்கள். பால் தொட்டியின் உட்புறத்தைத் துளி அழுக்கின்றிக் கழுவ வேண்டும் என்பதால் அத்தகைய தடுப்புகளைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். மூன்றாவது, நடுவழியில் மணலை இறக்கிக் குவிப்பதுபோல் பாலை இறக்கி வைக்க முடியாது. குளிர்ந்த தொட்டியை விட்டு வெளியே வந்த பால் சாக்கடைக்குத்தான் போகும். அது இஸ்ராஃப், வீண் விரயம்.

அமெரிக்கர்கள் இந்த நியாயத்தை ஏற்றிருக்கிறார்கள். அங்கே மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைகளில் பொது வரம்பு 80,000 பவுண்டு, ஏறத்தாழ 36 டன். 2015ஆம் ஆண்டில் இயற்றிய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில், திரவப் பால் பொருள்களை எளிதில் பிரிக்க முடியாத சுமையாகக் கருத வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன்பின் மாநில அரசுகள் பால் லாரிகளுக்கு வரம்பு கடந்த எடைக்குத் தனி அனுமதி வழங்க வழி பிறந்தது.

கேள்வி கேட்ட சகோதரர் இதைக் கேட்டால் மகிழ்வார். ஆனால் ஃபிக்ஹில் ருக்ஸா என்ற சலுகைக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. பயணி தொழுகையைச் சுருக்கலாம், விட்டுவிட முடியாது. எவ்வளவு தூரம், எத்தனை நாள் என்ற வரையறையும் உண்டு. நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை அனுமதிக்கும் என்ற சட்டவிதியோடு, நிர்ப்பந்தம் அதன் அளவைக் கொண்டே மதிக்கப்படும் என்ற விதியையும் அறிஞர்கள் சேர்த்தே வைத்தார்கள். பொதுத் தீங்கைத் தடுக்கத் தனியாரின் இழப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது உதுமானிய அரசின் மஜல்லாவில் இடம்பெற்ற விதிகளுள் ஒன்று. அமெரிக்கப் பால் லாரிக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும்; அதை வழங்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. ஓட்டுநர் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளும் சலுகைக்கு ருக்ஸா என்று பெயரில்லை. நம் நாட்டுச் சட்டமும் பாலுக்கென்று அப்படியொரு எடைச் சலுகையை எழுதி வைக்கவில்லை.

எடை மேடையால் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட முடியும் என்றும் எண்ண வேண்டாம். 2014 ஆகஸ்டில் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு வழக்கு வெடித்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குச் சென்ற ஆவின் டேங்கரை வழியில் நிறுத்தி, பாலை எடுத்துவிட்டு அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆயிரம் லிட்டர் பாலுக்குப் பதில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஊற்றினால் எடையில் முப்பது கிலோதான் குறையும். பல டன் எடையுள்ள டேங்கரில் அது யார் கண்ணுக்குத் தெரியும்? அதைக் காட்டிக்கொடுப்பது பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டரும் கொழுப்புச் சோதனையும்தான். மதீனாவின் அந்த இரவுக்கு இதைவிட நெருக்கமான ஒரு வழக்கை நம் காலத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. பேரர் ஒட்டகத்தின் எடையைத் தராசில் பிடித்தார். பாட்டி பிடித்ததற்குத் தராசு இல்லை.

சகோதரரின் கேள்விக்கு என் விடை இது. பால் அவசியப் பொருள் என்பதால் விரைவாகப் போக வழிவிடலாம். ஊரடங்குக் காலத்திலும் பால் வண்டிக்குத் தடையில்லாமல் இருந்தது. அது நியாயமான சலுகை. ஆனால் சாலையும் பாலமும் அதில் நடப்போரின் உயிரும் அனைவருக்கும் உரிய அமானத். தெரிந்தே வரம்பை மீறி ஏற்றுவது அந்த அமானத்தில் கை வைப்பதாகும். அதை நான் ஆகும் என்று சொல்ல மாட்டேன். பாதையிலிருந்து தீங்கு தருவதை அகற்றுவதை ஈமானின் கிளையென்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்க, சட்டமே தீங்கென்று அளந்து காட்டிய பாரத்தை நாமே பாதையில் கொண்டு சேர்ப்பது எப்படிப் பொருந்தும்?

பொறுப்பு முழுவதையும் ஸ்டியரிங் பிடிப்பவர் தலையில் போடுவதும் அநீதி. மிகைச் சுமையுடன் வண்டியை ஓட்டுவதை மட்டுமன்றி, பிறரை ஓட்டச் செய்வதையும் ஓட்ட விடுவதையும் 113ஆம் பிரிவே தடுக்கிறது. பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை கேன் ஏறுகிறது என்பதை முடிவு செய்பவர் வேறொருவர். நூற்றுப் பத்தை நூறு என்று சொல்லிக் கொடுத்தவர் மீதே பொறுப்பு என்ற மின்ஹாஜின் சட்டம் இந்த முதலாளிகளுக்கும் ஏற்றும் இடத்துக்கும் பொருந்தும். பாலை நடுச்சாலையில் இறக்கிப் பாழாக்கும் நிலையைத் தவிர்க்க வேண்டுமானால், பால் ஏறும் இடத்திலேயே எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பதே வழி. பெரிய பால் பண்ணைகளில் எடை மேடை வழக்கமாக இருக்கும். சிறு குளிர்விப்பு நிலையங்களிலும் கேன் ஏற்றும் தெருமுனைகளிலும் அது இல்லை. அங்கே கேன் கணக்கையாவது எழுதி ஓட்டுநர் கையில் கொடுக்கலாம். பெரிய டேங்கரில் பாதி நிரப்பி அலைமோத விடுவதைவிட, அளவுக்கேற்ற சிறிய தொட்டியையோ உள்ளே அறைகள் பிரித்த தொட்டியையோ அமர்த்துவது பாதுகாப்பு.

இதற்குச் செலவு உண்டு. முப்பது கேனை ஒரே நடையில் கொண்டுவந்த குட்டி யானை இரண்டு நடை வரவேண்டும். டீசலும் கூலியும் கூடும். எகிப்தில் மூன்று ஒட்டகத்துக்குப் பதில் ஐந்து ஒட்டகம் பிடிக்க வேண்டியிருந்ததும் இந்தக் கணக்குத்தான். திருவிழாவும் கந்தூரியும் நெருங்கும்போது தேநீர்க் கடைக்காரர்களும் சமையல் ஒப்பந்தக்காரர்களும் பால் விலையை மட்டும் பேசி முடித்துவிடுகிறார்கள். இரண்டாம் நடையின் வாடகை யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். அதைப் பேசாமல் விட்டால், அந்தச் செலவு அதிகாலை இருட்டில் ஓட்டுநரின் வண்டியில் பதினேழாவது கேனாக ஏறிவிடும்.